கரையில் எடுக்கும் கணக்கு

நமது தீவைச் சூழ்ந்து கிடக்கும் கடற்கரையின் நீளம் 1,300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அந்தக் கரையிலே விடியற்காலையில் கால் பதிப்போர் பல்லாயிரவர். கரைவலை இழுப்போர், வாடியில் கருவாடு உலர்த்துவோர், தோட்டத்துப் பசளைக்கென்று சாதாளை அள்ளுவோர், வைத்தியர் சொற்கேட்டுக் காலாற நடப்போர் என்று அவர்கள் பலதிறப்பட்டவர்கள். இவர்கள் ஒவ்வொருவரும் அன்றைய கரையில் எதையோ ஒன்றைக் காண்கிறார்கள். இறந்து ஒதுங்கிய ஆமையாக இருக்கலாம். முன்பு வாராத பறவையாக இருக்கலாம். மணலோடு மணலாய்க் கலந்து கிடக்கும் பிளாஸ்ரிக் மணியாகவும் இருக்கலாம். கண்டதை வீட்டுக்கு வந்து ஒரு வாய் சொல்லுகிறார்கள்; மறுநாள் மறந்துவிடுகிறார்கள். திகதியும் இடமும் இட்டு அதனை எழுதிவைத்தால் என்ன பயன் விளையும், எழுதாது விட்டதனால் என்ன இழந்தோம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் விலங்கியல் கற்றவன் அல்லேன். கலைப் பட்டதாரி, வடபகுதிக் கரையோரப் பாடசாலை ஒன்றின் அதிபர். தமிழ் இலக்கியத்தில் நெய்தற்றிணையைப் பல்லாண்டுகளாக வகுப்பிலே பாடஞ் சொல்லி வருகிறேன். சங்கப் புலவர் கரையை உற்றுப் பார்த்தவர்கள். நண்டு ஓடும் ஓட்டத்தையும், அதனைத் துரத்தி விளையாடும் சிறுமியரையும், புன்னையையும் தாழையையும் அவர்கள் கண்ணால் கண்டே பாடினார்கள். அந்தத் திணையின் கருப்பொருள்களை வரிசை பிசகாமல் எழுதிப் புள்ளி வாங்குகின்ற மாணவன், பாடசாலை மதிலுக்கு அப்பால் நிற்கும் கொக்கு இனத்துப் பறவையின் பெயரைக் கேட்டால் விழிக்கிறான். இந்தக் குறையே என்னைக் கரைக்கு இழுத்துச் சென்றது எனலாம்.

முதலில் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பலில் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும், ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் மணிகளும் அடங்கும். பிளாஸ்ரிக் சாமான் வார்க்கும் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாய்ப் போகும் இந்த மணி, உடைத்த பருப்பின் அளவினது. கப்பல் ஜூன் மாதத்தில் அமிழ்ந்தது. மணிகள் மேற்குக் கரையெங்கும் வெண்பனி பெய்தாற்போலக் குவிந்தன. அதைத் தொடர்ந்து ஆமைகள் இறந்து ஒதுங்கலாயின; டொல்பின்களும் திமிங்கிலங்களும் ஒதுங்கின.

அப்பொழுது ஒரு வினா எழுந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து, ஆண்டுதோறும் சில ஆமைகள் இறந்து ஒதுங்குவது வழக்கந்தானே, இவற்றுள் கப்பலால் மாண்டவை எத்தனை, வழக்கம்போல் மாண்டவை எத்தனை என்பதே அந்த வினா. வினாவை எழுப்பியோரின் உள்நோக்கம் எதுவாயினும் இருக்கட்டும், வினா நியாயமானது. நீர்கொழும்பிலோ பாணந்துறையிலோ காலியிலோ முந்திய பத்து ஆண்டுகளில் ஜூன் மாதத்துக்கு எத்தனை ஆமைகள் ஒதுங்கின என்ற ஒழுங்கான கணக்கு, கரைக்குக் கரை எழுதப்பட்டுக் கையில் இருந்திருந்தால், அந்த வினாவுக்கு ஒரு பிற்பகலில் விடை கண்டிருக்கலாம். வழக்கு நெடுநாள் நடந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நமது உயர் நீதிமன்றம், நானூற்றுக்கு மேற்பட்ட ஆமைகளின் அழிவையும் கணக்கிற் கொண்டு, 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. நீதி ஒருவாறு கூறப்பட்டது. ஆயினும், கெட்டதை அளப்பதற்குக் கெடாத நாளின் அளவு வேண்டும் என்ற உண்மையை அந்தக் கப்பல் நமக்குக் காட்டிச் சென்றது.

கெடாத நாளின் அளவு கையில் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு வேறொரு நாட்டின் கரையைக் காட்டுகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, வாசிங்டன் பல்கலைக்கழகத்தார் 1990களின் இறுதியில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசியர் ஆகிய சாதாரண மக்கள் மாதம் ஒருமுறை தமக்குரிய ஒரே கரைத்துண்டில் நடந்து, ஒதுங்கிக் கிடக்கும் இறந்த பறவைகளை எண்ண வேண்டும். பறவையின் இறகு குலைந்து போயிருந்தாலும் கால் எஞ்சியிருக்கும் ஆதலால், காலின் வடிவைக் கொண்டு இனங்காண அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருமுறை எண்ணியதை மறுமுறை எண்ணாதிருக்க உடலில் நிறப்பட்டி ஒன்றைக் கட்டிவிடுவார்கள். பல மாதங்களில் இவர்கள் காண்பது ஒன்றுமில்லை. அந்த “ஒன்றுமில்லை” என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இப்படிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சலிப்பூட்டும் கணக்கு வளர்ந்தது. பின்பு 2015ஆம் ஆண்டு வேனிலில் தொடங்கி, மறு ஆண்டு வசந்தம் வரையில், மேர் என்னும் கடற்பறவைகள் கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை திரள்திரளாய் இறந்து ஒதுங்கின. எண்ணப்பட்டவை ஏறக்குறைய 62,000. முந்திய ஆண்டுகளின் அளவு எழுத்தில் இருந்தபடியால் இது வழக்கமான சாவன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வழக்கத்துக்கு மாறாகச் சூடேறிக் கிடந்த கடலில் இரை குறைந்து, பறவைகள் பட்டினியால் மாண்டன என்று ஆராய்ச்சியாளர் பின்னர் முடிவு கட்டினர். அம்முடிவுக்கு அடித்தளம் இட்டவர்கள், மழையிலும் குளிரிலும் வெறுங்கரையில் நடந்து “இல்லை, இல்லை” என்று எழுதிய அந்தச் சாதாரண மக்களே.

பொதுமக்களும் விஞ்ஞானிகளும் கூடிக் கடலை ஆராய்வது மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுமை என்று எண்ண வேண்டா. அதன் பழைய வரலாற்றில் நமது மன்னார்க் கடலுக்கும் பங்குண்டு. லிவர்ப்பூல் நகரத்துப் பேராசிரியர் ஹேர்ட்மன் என்பவர் 1885இல் அந்நகரத்துக் கடல் உயிரியற் குழுவை ஏற்படுத்தினார். அதிலே கடலுயிர்களில் விருப்பம் கொண்ட ஆர்வலர்களும் பேராசிரியர்களும் ஒரே படகில் ஏறி வலை இட்டுத் துழாவினர். 1887இல் பஃபின் தீவில் சிறிய ஆய்வு நிலையம் ஒன்றையும் நிறுவினர். 1891க்குப் பின் மன்னாரில் முத்துக் குளிப்பே நடவாமற் போகவே, காரணத்தைக் கண்டறியுமாறு நமது நாட்டு அரசாங்கம் அழைத்தது இதே ஹேர்ட்மனைத்தான். அவர் 1902ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்தார். கூட வந்த ஹோர்ணெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவர்களுடைய அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

அந்த ஆய்வில் என் மனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி படியும் கடலடிப் பாறைத் தளங்களைப் பார் என்பர். அவற்றுள் கரையிலிருந்து தொலைவில் ஆழ்கடலை அடுத்துக் கிடப்பது பெரிய பார். அங்கே இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் தோன்றும். சில மாதங்களில் அத்தனையும் காணாமற் போகும். இவ்வூர் மக்கள் அதனைத் தாய்ப்பார் என்று வழங்கினர். அங்கே பிறக்கும் குஞ்சுச் சிப்பிகள்தாம் உட்பக்கத்துப் பார்களுக்குப் பரவி அவற்றை நிரப்புகின்றன என்பது அவர்கள் கொள்கை. ஹேர்ட்மன் அக்கொள்கையை ஏற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தால் அவை அடித்துச் செல்லப்பட்டும் மணல் மூடியும் அழிகின்றன என்று கருதினார். ஆனால் நேயர்களே, குஞ்சுகள் அளவின்றித் தோன்றுவதும் மறைவதும் என்ற காட்சியை, கப்பலும் கருவியும் வருமுன்பே, மூச்சடக்கி மூழ்கியவர்களும் தோணிக்காரரும் அறிந்திருந்தார்களே! கண்டது சரி, காரணம் ஆய்வுக்குரியது. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகினால் எட்டாம் வகுப்பு மாணவனும் கடலாராய்ச்சிக்கு உதவலாம். காரணம் சொல்ல அவனுக்கு உரிமை வர நாளாகும். கண்டதை எழுத இன்றைக்கே உரிமை உண்டு.

1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே அரசாங்கம் பார்களை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பின் சிப்பியும் இல்லை, கம்பெனியும் நிலைக்கவில்லை. மரிச்சுக்கட்டியிலே ஓலையாலும் தடியாலும் எழுந்த அந்த மாபெரும் நகரம் மணலாய்ப் போயிற்று. அது தனியே ஒரு பேச்சுக்குரிய பொருள்.

இக்காலத்திற்கு வருவோம். கடலுக்கென்று விழாக்கள் இன்று பல. ஜூன் 8 உலக சமுத்திர தினம். ஜூலை 26 கண்டற்காடுகளின் தினம். செப்டெம்பர் மாத மூன்றாம் சனிக்கிழமை கரையோரத் துப்புரவு நாள். இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. எனினும், பதாகை பிடித்து, ஒரே நிறத் தொப்பி அணிந்து, புகைப்படம் எடுத்து, குளிர்பானம் அருந்திக் கலைகின்ற கூட்டங்களை நான் கண்டிருக்கிறேன். அருந்திய போத்தல் சில வேளைகளில் கரையிலேயே கிடப்பதும் உண்டு! இந்தத் துப்புரவு நாள் 1986இல் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்திலே தொடங்கியபோது அதன் நோக்கம் குப்பை பொறுக்குவது மட்டுமன்று. அன்று கூடிய ஏறத்தாழ 2,800 பேரும் பொறுக்கிய ஒவ்வொன்றையும் இன்னது, இத்தனை என்று அட்டையில் எழுதினார்கள். போத்தல் எத்தனை, கயிறு எத்தனை, கப்பலிலிருந்து எறிந்தது எது என்று எழுத்தில் வந்த பின்புதான், குப்பைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்க வாய் வந்தது. கப்பல்கள் கடலிற் பிளாஸ்ரிக் கொட்டுவதைத் தடுக்கும் சர்வதேச விதிகள் 1988ஆம் ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்தன. எண்ணாமற் பொறுக்கினால் கரை சுத்தமாகும். அடுத்த வாரம் மீண்டும் அழுக்காகும்.

எங்கள் பாடசாலையில் இதற்கு நாங்கள் பெரிய செலவு எதுவும் செய்யவில்லை. ஒரு கொப்பி, ஓர் அளவுநாடா, ஒரு மீற்றர்ச் சதுரமாகக் கட்டிய கயிறு, இவ்வளவே. இரண்டு அடையாளங்களுக்கு இடைப்பட்ட அரைக் கிலோமீற்றர்க் கரையைத் தெரிந்துகொண்டோம். நாளுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, நாட்காட்டியே வழி காட்டிற்று. பூரணைதோறும் போயா விடுமுறை, பிள்ளைகளுக்கு ஓய்வு. முழுமதி நாளை ஒட்டி வெள்ளம் நன்றாக ஏறி நன்றாக வற்றும். லிவர்ப்பூல் துறையில் இந்த ஏற்ற இறக்கம் 8 மீற்றருக்கு மேல். கடல் வற்றினால் கரையே ஒரு காட்சிச்சாலை. நம் நாட்டில் அது ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆகையால் மேனாட்டுப் புத்தகத்திற் கண்டபடி பாறைக் குழிகளைத் தேடிப் போவதில் நமக்குப் பயனில்லை. நமக்கு வாய்த்தது வேறு: கடற்புல் படர்ந்த ஆழங்குறைந்த களப்பு, கண்டல் வேர், சேறு, அந்தச் சேற்றில் இரை தேடும் பறவை.

கொப்பியிலே திகதி, நேரம், காற்று, வந்தோர் தொகை என்பன முதலில் வரும். காற்றைச் சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்று ஊர்ப் பெயரிலேயே எழுதச் சொல்லுகிறேன்; அதிற் பிழை வருவதில்லை. பின்பு இறந்த ஆமை, இறந்த பறவை, அறுந்த வலைத்துண்டு. சதுரக் கயிற்றுக்குள் கிடைத்த பிளாஸ்ரிக் மணியின் தொகை. ஆமை இனத்தைக் குறிக்கவும் ஊர்ப் பெயர்களே போதும். உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களுள் ஐந்து நமது தீவின் கரைகளில் முட்டையிடுகின்றன. பேராமையையும் அழுங்காமையையும் பங்குனி ஆமையையும் வேறுபடுத்தி அறியக் கடற்றொழிலாளர் பிள்ளைக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்கள் கொப்பியில் அதிகம் காணப்படும் சொல் “இல்லை” என்பதே. தொடக்கத்தில் பிள்ளைகள் இதனால் மனஞ்சோர்ந்தார்கள். ஒன்றும் இல்லாத நாளில் எதற்கு ஐயா எழுதுவது என்று கேட்டார்கள். மேற்சொன்ன இரண்டு கதைகளையும் அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன்.

கண்டிப்பான விதிகளும் சில உண்டு. எந்தப் பிள்ளையும் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கலாகாது. இறந்த விலங்கைத் தொடலாகாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு அப்பால் நிற்க வேண்டும். அழகிய கூம்பு வடிவச் சங்கை உயிருடன் கண்டால் கையில் எடுக்கவே கூடாது; அதன் நஞ்சூசி ஆளைக் கொல்ல வல்லது.

பிளாஸ்ரிக் மணியை எண்ணும் பழக்கத்தின் பயனை நாம் அதிக நாள் காத்திராமலே காண நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. ஜூன் மாதத்தில் மன்னார் முதலிய வடபகுதிக் கரைகளில் மணிகள் வந்து சேர்ந்தன. இவை 2021இன் எச்சமா, புதிதாய் வந்தனவா என்ற ஐயம் எவர்க்கும் எழும். முதல் மாதத்திலும் அதற்கு முந்திய மாதத்திலும் அதே இடத்துச் சதுரத்தில் எத்தனை கிடந்தன என்ற எண் உள்ளவரே இதற்குத் தயங்காமல் மறுமொழி கூற இயலும். ஸ்கொத்லாந்து நாட்டிலே இந்த மணிகளைத் தேடி எண்ணுவதற்கென்றே ஓர் அமைப்பினர் பொதுமக்களைத் திரட்டி வருகின்றனர். எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேடினர் என்பதையும் அவர்கள் கேட்டு எழுதுகின்றனர். இரண்டு பேர் தேடியதையும் இருபது பேர் தேடியதையும் ஒப்பிடலாகாது அன்றோ?

பறவைக் கணக்கிலே வேறொரு நுட்பம் உண்டு. மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பூநாரைகள் வாராத ஆண்டில், கூட்டம் அழிந்ததென்று ஊரார் அங்கலாய்ப்பர். அவை அப்பொழுது சுண்டிக்குளத்திலோ, அக்கரையில் கோடியக்கரையிலோ நிற்கக்கூடும். பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது. இதனாலேயே 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், ஜனவரி மாதத்தின் ஒரே காலப்பகுதியில் நாடுகள் பலவற்றிலும் ஆர்வலர்கள் எண்ணுகின்றனர். ஒரு கரையின் எண் தனித்து நின்றால் வதந்திக்கு உதவும். பல கரைகளின் எண்கள் ஒரே நாளில் சேர்ந்தால்தான் செய்தியாகும். பக்கத்துப் பாடசாலைகளையும் எங்களோடு சேருமாறு நான் வற்புறுத்துவது இதற்காகவே.

இனி, கசப்பான ஒரு பேச்சையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். எங்கள் முயற்சியைக் கேள்விப்பட்ட முதிய சம்மாட்டியார் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். “நீங்கள் எண்ணுவியள், மாஸ்டர். எண்ணி முடிஞ்ச பிறகு, கடலுக்குப் போகாதேங்கோ எண்டு சொல்ல வேறை ஆக்கள் வருவினம்” என்றார். இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் துணியமாட்டேன். ஆமையும் ஆவுளியாவும் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. அவை வலையில் தற்செயலாய் மாட்டினாலும் உண்மையைச் சொன்னவனே அகப்படுவான் என்ற எண்ணம் கரையிலே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் உள்ளவரை எந்தக் கணக்கும் முழுமை பெறாது.

நான் அவருக்கு இரண்டு விடயங்களைச் சொன்னேன். இழுவைமடியினால் கடலடி வாரப்படுகிறது என்று வடபகுதிக் கடற்றொழிலாளர் ஆண்டுக்கணக்காக முறையிட்டனர். 2017இல் அத்தொழில் நமது நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கண்டதைக் கண்டபடி சொல்வது தொழிலாளிக்கும் ஆயுதமாகும் என்பதற்கு அது சான்று. மற்றையது ஆவுளியாவைப் பற்றியது. கடற்புல்லை மேய்ந்து வாழும் இந்தச் சாதுவான விலங்கு ஓராண்டுக்கு மேல் சூல் கொண்டு, ஒரே குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒவ்வோர் இழப்பும் பெரிது. 2015 முதல் 2018 வரை எட்டு நாடுகளில் நடந்த ஆவுளியா, கடற்புற் பாதுகாப்புத் திட்டத்தில் நமது நாடும் ஒன்று. அக்கரையிலே தமிழ்நாட்டு அரசு 2022இல் பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாக் காப்பிடமாக அறிவித்தது. இவ்விலங்கைத் தேடும் ஆய்வாளர்கள் முதலில் நாடுவது கடற்றொழிலாளரையே: எங்கே கண்டீர்கள், எந்த ஆண்டில், எத்தனை என்பனவே அவர்கள் வினாக்கள். இந்த வினாக்களுக்கு விடை சம்மாட்டியாரின் நினைவிலன்றி வேறெந்த நூலகத்திலும் இல்லை.

அவர் உடனே இணங்கினார் என்று சொன்னால் அது கதையாகும். மூன்றாம் முறை வந்தபோதுதான் உட்கார்ந்தார். படகுக்காரரின் பெயரும் வலையின் விவரமும் எழுதுவதில்லை, கொப்பி ஊர்ச் சங்கக் கட்டடத்திலேயே இருக்கும், பிரதி கொடுப்பதாயின் சங்கம் கூடித் தீர்மானிக்கும் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தார். மூன்றும் நியாயமாகவே எனக்குப் பட்டன, ஒப்புக்கொண்டோம். அவருக்கு ஆண்டு எண் நினைவில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயலுக்கு முன், அதற்குப் பின், 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் என்று மூன்றாகவே காலத்தைப் பகுத்துப் பேசினார். பத்தாம் வகுப்பு மாணவியர் இருவர் அவர் சொல்லச் சொல்ல எழுதினர். தகப்பனார் கண்டதாகக் கேட்டது ஒரு பக்கத்திலும், தாம் கண்ணாற் கண்டது எதிர்ப் பக்கத்திலும் வரவேண்டும் என்று அவரே திருத்தினார். அடுத்த போயா தினத்தில், காலை ஆறு மணிக்கு, கச்சான் வீசிக்கொண்டிருக்க, அவரும் எங்களோடு அரைக் கிலோமீற்றர் நடந்தார். அன்றைய பக்கத்தில் ஆமை என்ற நிரலில் “இல்லை” என்றும், மணி என்ற நிரலில் சதுரத்துக்கு ஏழு என்றும் எழுதியிருக்கிறது.